எந்தப் பக்கம் எழுதுவது

அருப்புக்கோட்டையில் ஆங்கில வகுப்புக்குப் போன முதல் நாள், டீச்சர் பலகையில் நடுக்கோடு போட்டு, இந்தப் பக்கம் ‘பி’ (be), அந்தப் பக்கம் ‘டூ’ (do) என்று எழுதினார். இருப்பதெல்லாம் இங்கே, செய்வதெல்லாம் அங்கே என்றார். பிறகு என்னைப் பார்த்து, “வீட்ல என்ன செய்றீகக்கா?” என்று கேட்டார்.

“சும்மாதான் இருக்கேன்,” என்றேன். யார் கேட்டாலும் எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வது அதுதான்.

“அப்ப ‘பி’ பக்கம் எழுதுங்க.”

எழுதிவிட்டேன். ஆனால் ஆடுகளை அவிழ்த்துவிட்டு, பந்தல்குடியில் எங்கள் டீக்கடைக்கு வடை சுட்டு வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். கையில் எண்ணெய் வாடைகூடப் போகவில்லை. அதை எந்தப் பக்கம் எழுதுவதாம்?

திரும்பி வந்தபோது, வடைத் தட்டில் ஈ மொய்க்க, கணவர் நாற்காலியில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“எங்க மாப்ள ஓய்வு? கடையப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

இவரை எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.