மூக்கை எங்கே வைப்பது

கராஜ் தொழிலில் பாதி வேலை வாகனத்தோடு, மீதி வேலை அது ஏன் நின்றது என்று கேட்கிற ஆளோடு. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் எந்த ஸ்பனரும் பொருந்தாது.

மட்டக்களப்பில், செங்கலடிச் சந்தியில் இருந்து பதுளை வீதியால் கொஞ்சத் தூரம் போனால் என் கராஜ். என் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் நான் 'பாஸ்', எங்கள் ஊரில் மெக்கானிக்குக்கு அதுதான் பேர். கரும்புகை தள்ளுகிற வேனை நடுவெயிலில் ஓரங்கட்டிவிட்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிற என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

டர்போ பூட்டிய டீசல் எஞ்சினைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். அது டீசலை விடக் காற்றைத்தான் அதிகம் தின்னும். அந்தக் காற்று உள்ளே போகிற குழாயின் வாய்க்கு எங்கள் கராஜில் 'மூக்கு' என்று பேர். நான் சொல்லப் போவதெல்லாம் மூக்குச் சங்கதிதான்.

எலி குடியிருந்த பிக்கப்

போர்நிறுத்தக் காலம். மண்டூர்ப் பக்கம் வயல் செய்கிற ஒரு அண்ணன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். இழுவை இல்லை, கரும்புகை, டீசலைக் குடித்துத் தள்ளுகிறது என்றார். வேறொரு பாஸ் பம்பைக் கழற்றிப் பார்த்து, டர்போவைக் கழற்றிப் பார்த்து, ஆளைப் பாதியாக்கி அனுப்பியிருந்தார். நான் ஏர் கிளீனர் பெட்டியைத்தான் முதலில் திறந்தேன். உள்ளே அழகான கூடு. வைக்கோல், சாக்கு நூல், கோயில் திருவிழா நோட்டீசின் துண்டுகள். அறுவடை வெட்டு முடியுமட்டும் வண்டியை வயல் வட்டையில் நிறுத்தி வைத்திருந்தாராம். எலி அந்த நேரம் பார்த்துக் குடிவந்துவிட்டது. எஞ்சின் பாவம், மூக்கடைப்போடு ஓடியிருக்கிறது.

கூட்டை எடுத்து எறியப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்து, அதைக் குஞ்சுகளோடு வாங்கி வேலியோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். நெல்லைத் தின்கிற எலிக்கு இவ்வளவு மரியாதையா என்று கேலி பண்ணினேன்.

"நாம எத்தினை தரம் பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு எழும்பி ஓடின நாங்க, பாஸ். அதுக்கும் ஒருக்கா நேரம் குடுப்பமே" என்றார்.

குளிர் காற்று

யோகன் என் கூட்டாளி. கல்லடியில் கடற்கரைப் பக்கம் வீடு. மனிசி ராணி, ஒரே மகள் தர்சி. மத்திய கிழக்குக்குப் போகிற ஆட்களைக் கொழும்புக்கு ஏற்றி இறக்குகிறதுதான் தொழில். அவனுடைய வேன் மகாஓயா தாண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் வந்தான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடும் இல்லையா? டர்போவும் காற்றை அப்படித்தான் நெரித்து அனுப்புகிறது. நெரித்த காற்று சூடாகும், சூடான காற்று ஐதாகும், அடர்த்தி குறையும். ஐதான காற்றில் டீசல் நன்றாக எரியாது. அதனால் ஜப்பான்காரன் இடையில் இன்டர்கூலர் என்று ஒன்றை வைத்திருக்கிறான். ரேடியேட்டர் போலத் தகடு தகடாக இருக்கும். அதற்குள்ளால் போகிற காற்று வெளிக்காற்றுப் பட்டு ஆறி, இறுகிப் போய் எஞ்சினுக்குள் நுழையும். இந்த வேனிலோ எஞ்சின் சீட்டுக்குக் கீழே. மூக்கு சீட்டின் உயரத்தில், அந்த வெக்கைக்குள்ளேயே இருந்தது. முதலிலேயே சுடுகாற்றை இழுத்தால் இன்டர்கூலர் பாவம் என்ன செய்யும்? ஜப்பான்காரனுக்கு மட்டக்களப்பு வெயில் தெரியாது என்று பெரிய பேச்சுப் பேசி, ஒரு குழாயைப் பொருத்தி, மூக்கை முன் பம்பருக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டேன். ஓடிப் பார்த்தோம். வேன் பறந்தது. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

யோகன் குனிந்து அந்த மூக்கைப் பார்த்துவிட்டு, மாரி மழைக்கு இது என்ன செய்யும் என்று கேட்டான். மழைத்தண்ணி பம்பருக்கு ஏறுமாடா என்று சிரித்தேன். அவனும் சிரித்தான்.

"நீ சொன்னாச் சரிதான் மச்சான்" என்றான்.

கழுவிப் போட்டால்

சுனாமியாகக் கடல் வந்த பிறகு என் கராஜ் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. டிரக்டரில் கட்டி இழுத்து வந்த வாகனங்கள் வீதிவரைக்கும் நின்றன. திறந்த இடமெல்லாம் மண். இன்டர்கூலர் தகடுகளுக்குள் மண், டர்போவுக்குள் உப்புத்தண்ணி, ஏர் கிளீனருக்குள் சவுக்கிலை. யாரும் பேரம் பேசவில்லை. கெதியாகச் செய்து தாங்க என்றும் யாரும் கேட்கவில்லை. ஆட்கள் வந்து வாகனத்துக்குப் பக்கத்தில் சும்மா நிற்பார்கள், மறுகா போவார்கள்.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், தன் வேனோடு வந்தார். இன்டர்கூலர் குழாயைக் கழற்றினேன். சேற்றுத் தண்ணியோடு ஒரு முழம் ரிபன் வந்தது. கடைச் சரக்கா, வீட்டுச் சரக்கா என்று நான் கேட்கவில்லை. அவர் அதைக் கையில் வாங்கிப் பிழிந்து, உதறி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இதைக் கழுவிப் போட்டா ஓடுமா பாஸ்? ஊட்டுல மிச்சமிருக்கிற எல்லாத்தையும் கழுவிட்டம்" என்றார்.

வளைந்த ரொட்

யோகனின் வேன் சில கிழமை கழித்து வந்தது. பின்னால் அவனும் வந்தான். ராணியும் தர்சியும் போய்விட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். செத்த வீட்டுக்கும் போய் வந்திருந்தேன்.

அவனே சொன்னான். தண்ணி வருகுது என்று சத்தம் கேட்டதும் இரண்டு பேரையும் வேனில் ஏற்றி, கல்லடிப் பாலத்துப் பக்கம் எடுத்திருக்கிறான். ஒழுங்கையில் தண்ணி வேன் சில்லின் பாதிக்குத்தான் நின்றதாம். வேன் அலையைத் தள்ளிக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடி, ஒரு அடி விழுந்த சத்தத்தோடு நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கிறான். அடுத்த அலை மதிலோடு சேர்த்து வேனைப் புரட்டியது. அவன் ஒரு பூவரச மரத்தில் அகப்பட்டுத் தங்கினான். வேனைத் திருத்தித் தா என்று அவன் கேட்கவில்லை. எதனால் நின்றது என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னான்.

எஞ்சினைத் திறந்தேன். பிஸ்டனைத் தாங்குகிற ரொட் நாலில் இரண்டு வளைந்திருந்தது. சக பாவிகளே, இதை விளங்கிக்கொள்ளுங்கள். காற்றை நெரிக்கலாம், தண்ணியை நெரிக்க ஏலாது. ஓடுகிற எஞ்சின் மூக்கால் தண்ணி குடித்தால் பிஸ்டன் மேலே போக வழியில்லாமல் ரொட் வளையும். நின்றுபோன எஞ்சினுக்குள் கடலே புகுந்தாலும் ரொட் வளையாது. அப்படியென்றால் வேன் நின்றதால் தண்ணி புகவில்லை, தண்ணி புகுந்ததால்தான் வேன் நின்றது. மூக்கு நான் வைத்த இடத்தில், வேன் தள்ளின அலை ஏறுகிற உயரத்தில் இருந்தது. அது முதலில் இருந்த இடத்துக்குச் சில்லின் பாதித் தண்ணி ஏறியிருக்காது. அளவுநாடாவை நான் எடுக்கவே இல்லை. கண்ணாலேயே தெரிந்தது.

கடல் தண்ணிக்கு எந்த வேன் நிற்காது மச்சான், எல்லா வேனும் நின்றதுதானே என்றேன். வாய்கூசாமல் சொன்னேன். அவன் வளைந்த ரொட்டைத் தூக்கி, துணியால் எண்ணெயைத் துடைத்தான்.

"இதை நான் கொண்டு போகட்டா?" என்று கேட்டான்.

கூறை

அதன் பிறகு யோகனுடையதைப் போல நான் மூக்கு இறக்கிக் கொடுத்த மற்ற வேன்களை எல்லாம் தேடிப்பிடித்து, மூக்கைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டேன். ஏற்றத்தில் இழுக்குதில்லை என்று ஏசினார்கள். ஏசட்டும் என்று விட்டேன். யோகன் என் கராஜ் பக்கம் வரவே இல்லை. கொழும்புப் பக்கம் யாருக்கோ வேன் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு போர்நிறுத்தம் முறிந்து எங்கள் பக்கத்தில் சண்டை. வாகரையில் இருந்து சனம் வெளிக்கிட்டு வந்த நாட்களில், உடம்பெல்லாம் புழுதியோடு ஒருவர் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினார். காட்டுப் பாதையால் மூன்று குடும்பத்தை ஏற்றி வந்திருக்கிறார். ஏர் கிளீனரைத் திறந்தால் பில்டர் இல்லை, அது கிழிந்து எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் நாலாக மடித்த பட்டுத்துணி, புழுதி ஏறிக் களிமண் மாதிரி. அது மட்டும் இல்லாவிட்டால் புழுதி போய் டர்போவின் விசிறி இலையைத் தின்று, லொறி காட்டுக்குள்ளேயே நின்றிருக்கும். நல்ல மூளை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு துணியைக் குப்பைக்கு வீசக் கை ஓங்கினேன்.

"எறியாதீங்க பாஸ். அது என்ட மனிசிட கலியாணக் கூறை" என்றார்.

மேலே

சண்டை எல்லா இடமும் முடிந்து, வீதிக்குத் தார்க் காப்பட் போடத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் காலை ஒரு பழைய வேன் கராஜுக்குள் வந்தது. இறங்கினது யோகன். தலை முழுக்க நரை. சொந்த வேன், இப்போதுதான் வாங்கினேன் என்றான். தேத்தண்ணி குடித்தோம். சீட்டைத் தூக்கிக் காட்டினான். அதே டர்போ, அதே இன்டர்கூலர். மூக்கும் ஜப்பான்காரன் வைத்த அதே உயரத்தில்.

ஏற்றத்தில் கொஞ்சம் இழுவை குறைவு, இதுக்கும் மூக்கைக் கீழே இறக்குவமா என்று, ஏதோ டயர் மாற்றக் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

கையில் இருந்த கோப்பையை வைத்தேன். எல்லா வேனும் நின்றது என்று உனக்குச் சொன்னது பொய், உன் வேன் நான் வைத்த மூக்கால்தான் தண்ணி குடித்தது, ரொட்டைக் கண்ட அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொல்லி முடித்தேன். அழுதுகொண்டுதான் சொன்னேன், அதில் வெட்கம் இல்லை. அவன் வேனுக்குள் கையை விட்டு, டாஷ்போட் பெட்டியில் இருந்து கடதாசியில் சுற்றிய அந்த ரொட்டை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வாங்குப் பலகையில் வைத்தான். கொண்டுபோன மாதமே கொழும்பில் ஒரு பாஸிடம் காட்டினானாம். அந்த மனிசன் மூக்கு எங்கே இருந்தது என்றுதான் முதலில் கேட்டாராம்.

அப்படியென்றால் ஏன் வந்து என்னை ஏசவில்லை, அடிக்கவில்லை என்று கேட்டேன். மேலே இருந்திருந்தாலும் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்போமா என்று தனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, அதை யாராலும் திறந்து பார்க்க ஏலாது என்றான். பிறகு ரொட்டைத் திரும்பக் கடதாசியில் சுற்றினான்.

"நீயா வாய் திறந்து சொல்லுவாய் எண்டுதான் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டிருந்தன் மச்சான். இதுக்கு மூக்கு மேலயே கிடக்கட்டும், நீ பில்டரை மட்டும் மாத்து" என்றான்.

இத்தனை வருசத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று எங்கே கிடைக்கும் என்று ஊரில் உள்ள எல்லாப் பாஸ்மாருக்கும் தெரியும், மழைக்கு என்ன செய்யும் என்று ஒருவன் குனிந்து பார்த்துக் கேட்டால் மட்டும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.