எதிர்க்கடைக்காரர் கேட்ட கவர்

போன வருடம் ஐப்பசி மழைக்காலம். கொல்லிமலை சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் டூவீலர் ஒர்க்‌ஷாப். நேர் எதிரே இன்னொரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அந்தக் கடைக்காரரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரியும்.

எனக்குப் பிறகு கடை போட்டவர். ஆனால் வளைவுகளில் கிளட்சைப் பிடித்துப் பிடித்துப் பிளேட் கருகி ஏறி வரும் சுற்றுலா வண்டியெல்லாம் என் கடையைத் தாண்டி அவர் கடையில்தான் போய் நிற்கும். அவர் ஏர் கம்ப்ரசர் வாங்கினார். எனக்குக் கைப் பம்பே போதும், வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. இருந்தும் தவணையில் நானும் ஒன்று வாங்கிக் கடை வாசலிலேயே வைத்தேன். அவர் கண்ணில் பட வேண்டுமே!

அவரிடம் இல்லாதது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இதே மலையில் தேவனூர் நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெண். ஐடிஐ முடித்துவிட்டு என்னிடம் ஒரு வருட அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தாள். அடடா, என்ன கை! அவள் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். எதிர்க்கடையிலும் இரண்டு பேர் அப்ரண்டிஸாக வேலை பழகினார்கள். அவள் பக்கத்தில் நிற்க முடியாது. அந்த விஷயத்தில் மட்டும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்ரண்டிஸ் வைத்தால் மாதாமாதம் உதவித்தொகையை நாம் கொடுத்துவிட வேண்டும். அதில் ஒரு பங்கை அரசாங்கம் பிறகு நமக்குத் தரும். அதற்கான பேப்பர்களைக் குறித்த தேதிக்குள் மலைக்குக் கீழே ஆபீசில் சேர்க்க வேண்டும். தேதி தவறினால் அந்தப் பணம் போனது போனதுதான்.

மலையில் ஒரு பழக்கம் உண்டு. கீழே இறங்குகிறவர் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கமாட்டார். மருந்து, ஸ்பேர் பார்ட்ஸ், பேங்க் என்று ஒருவர் போனால் நாலு பேர் வேலை முடியும். அந்தப் புதன்கிழமை எதிர்க்கடைக்காரர் ஹெல்மெட்டும் கையுமாக என் கடையில் வந்து நின்றார்.

“ஏனுங்க, கீழ போறேனுங்க. அப்ரண்டிஸ் பேப்பருக்கு வெள்ளிக்கிழமதான் கடைசி. உங்க கவரையும் குடுங்க, சேத்துக் குடுத்துட்டு வந்தர்றேன்.”

கவர் மேஜை மேல்தான் கிடந்தது. கையெழுத்து, சீல் எல்லாம் போட்டாயிற்று. எடுத்து நீட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இவர் தயவில் எனக்குப் பணம் வருவதா? நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக் காட்டமாட்டாரா?

“வேண்டாமுங்க. எனக்கும் கீழ வேலை இருக்குது, நாளைக்கு நானே போய்க்கறேன்” என்றேன். ஒரு வேலையும் இல்லை. எல்லாம் வீம்பு.

பிடித்தது பாருங்கள் மழை! மறுநாள் விடிந்து பார்த்தால் வளைவில் பாறை உருண்டு, மண் சரிந்து கிடந்தது. பஸ், பைக் எதையும் விடவில்லை. ரோட்டைத் திறந்தபோது சனிக்கிழமை. திங்கட்கிழமை விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். “வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுதுங்களே, இனி எடுக்க வழியில்லீங்க” என்று ஆபீசில் வருத்தமாகத்தான் சொன்னார்கள்.

அந்தப் பணத்தை நம்பித்தான் கம்ப்ரசர் தவணையையும் அவள் உதவித்தொகையையும் சமாளித்துக்கொண்டிருந்தேன். இனி அவளுக்குக் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. அவளுக்கோ இன்னும் சில மாதங்கள் பாக்கி. நடுவில் நின்றால் சான்றிதழ் கிடையாது.

விஷயத்தை அவளிடம் சொன்னேன். “அப்பறமேலு குடுங்கண்ணா, நான் எப்பவும் போல வாரேன்” என்றாள். அந்தப் பணத்தில்தான் அவள் வீட்டில் அரிசி வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மீதிப் பயிற்சியை வேறு கடைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்ரண்டிஸ் வைத்திருந்த வேறு ஒர்க்‌ஷாப் எது? சாட்சாத் எதிர்க்கடைதான்! அதை அவளிடம் சொல்லாமல் மறைத்தேன். சான்றிதழ் போனாலும் பரவாயில்லை, அவர் கைக்குப் போய்விடக் கூடாது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. சீ! ஓரிரு நாள் கழித்து, அவள் வழக்கம்போலத் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு ஒன்றுமே கேட்காமல் ஸ்பேனரை எடுத்தாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. “வா கண்ணு” என்று கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

எதிர்க்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். ‘அன்றைக்கே கேட்டேனே’ என்று ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பேன். பாவி மனுஷன், அதையும் செய்யவில்லை.

“மழைக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?” என்றார் என்னிடம். அவளைப் பார்த்து, “இன்னைக்கே வேலயப் பாரு சாமி, ஆபீசுல மாத்தறதுக்கு நான் போய்ச் சொல்றேன்” என்றார்.

அவள் பயிற்சியை முடித்துவிட்டாள். சான்றிதழில் இருப்பது அவர் கடையின் பெயர். அங்கேயே சம்பளத்துக்கும் சேர்ந்துவிட்டாள். “அந்தப் பொண்ணு இல்லீங்களா?” என்று என் கடையில் வண்டியை நிறுத்திக் கேட்பவர்களுக்கு நானே கையை நீட்டி எதிர்ப்பக்கம் காட்டுகிறேன். அவள் நன்றாக இருக்கிறாள் என்பதில் சந்தோஷம்தான். அவர் கடையில் இருக்கிறாள் என்பதில் இன்னும் கடுப்புதான், பொய் சொல்வானேன். அவர் என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, நானேதான் அவளைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.