அசாரியா வாசிக்காமல் விட்ட வரிகள்

ஜேமே ஊரில் எழுத்து தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் வீட்டுக்காரர் அசாரியா அவர்களில் ஒருவர். யாருக்குக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கேட்பவரின் முகம் வாடினால் இவர் அடுத்த வரியை விழுங்கிவிடுவார். ஊர் அவரை நல்ல மனுஷன் என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டு தாபியாமின் கணவன் பிசானைக் அரசாங்க ஆட்கள் கப்பல் வேலைக்கென்று ஆற்றின் வழியே வடக்கே பாபிலோன் கோட்டைத் துறைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் போன எட்டாவது மாதம் அவனிடமிருந்து பாப்பிரஸ் நாணல் தாளில் ஒரு கடிதம் வந்தது. அவளோ நிறைமாதம்; ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இவர் நலம் விசாரிப்புகளை மட்டும் வாசித்து நிறுத்திவிட்டார். எங்கள் கடிதங்களில் முக்கால்வாசி அதுதான் என்பதால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

"பதில் எழுதிடுங்கண்ணா. புதுத் தாளுக்கு எங்க போறது? இதையே கழுவிட்டு எழுதுங்க" என்றாள்.

எல்லோரும் செய்வதுதான். ஈரத் துணியால் மையைத் துடைத்தார். புறாக்கள் பெருகியதையும் பேரீச்சை காய்த்ததையும் அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

அவள் போனதும் என்னிடம் உண்மையைச் சொன்னார்.

"அவ தம்பிகிட்டயாவது சொல்லித் தொலைங்க" என்று கத்தினேன்.

"அவன் வாய் ஓட்டைடி. சாயங்காலத்துக்குள்ள அவ காதுக்குப் போயிடும். பிரசவம் ஆகட்டும்."

பிரசவம் ஆயிற்று, ஆண் குழந்தை. நாற்பது நாள் தீட்டு கழியட்டும் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

முப்பத்து மூன்றாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. குழந்தையை ஆசீர்வதிக்க வந்திருந்த மலை மடத்துத் துறவி அதை அப்படியே வாசித்துவிட்டார். பிசானோடு துடுப்பு வலித்தவன் எழுதியிருந்தான்: "பிசான் இறந்துவிட்டான். உன் பதிலை மூன்று முறை வாசிக்கச் சொன்னான். உன் தம்பி வருகிறான் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்."

தாபியாம் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை.

"மொதக் கடுதாசில என்ன இருந்துச்சு? முழுசா சொல்லுங்க."

இவர் தலைகுனிந்தபடி சொன்னார். "காய்ச்சல், நடக்க முடியல, கூட்டிட்டு வர உன் தம்பிய அனுப்பு, பிள்ள முகத்தப் பாக்கணும்னு இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"என்மேல கோவமா ஏதாச்சும்?"

"இல்லவே இல்ல. மடத்துப் பீடத்துல கை வச்சு சத்தியம் பண்றேன்."

"பண்ணுவீங்க. என் மனசு நோகக்கூடாதுன்னு பொய்ச் சத்தியமும் பண்ணுவீங்க."

அன்று என்னிடம் சொன்னதையேதான் அவர் அவளிடமும் சொன்னார். அது உண்மைதான் என்று அவளிடம் அடித்துச் சொல்ல வாயெடுத்தேன். அந்த வரிகள் கழுவிப்போயிருந்தன. எனக்கும் படிக்கத் தெரியாது.