தேங்காய்ப் பால் தனிப் போத்தலில்

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஐஸ் பெட்டியில் அடுக்கி வைக்கும் கறுப்புக் கஞ்சி டப்பாக்களில் தேங்காய்ப் பாலையும் அப்போதே ஊற்றிவிட்டால் என்ன என்று போன வாரம் கேட்டீர்கள். காலையில் ஒரு வேலை மிச்சமாகுமே என்றீர்கள். புளித்துப் போகும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். மீதியை எழுதித் தருகிறேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அதுவரை வீட்டில் இருந்த அம்மா, அந்த ஆண்டு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஐந்தரைக்கே பஸ் வந்துவிடும்.

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"மூணு மாசம் போய்ப் பாரு. பசங்க காலைல பசியாறாம ஸ்கூலுக்குப் போனா, அன்னிக்கே வேலைய விட்டு நின்னுடணும். சரியா?"

அம்மா சரி என்றார்.

முதல் வாரம் அப்பா தோசை சுட்டார். அது தோசைக் கல்லைவிட்டு வர மறுத்தது. இரண்டாம் வாரம் ரொட்டியும் ஜாமும். நான்காவது நாள் எங்களுக்கு ரொட்டியைப் பார்த்தாலே அழுகை வந்தது. அம்மா இல்லாத நேரத்தில் அக்காவும் நானும் அடுப்பைத் தொடவே கூடாது; அப்பாவுக்கோ சமையல் வராது. ஆகவே அடுப்பில்லாத பசியாறலாக ஒன்று வேண்டியிருந்தது.

அதை அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் புலுட் ஹீத்தாம் காய்ச்சுவார்கள். புலுட் என்ற கறுப்புப் பசையரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, குலா மலாக்கா வெல்லம் போட்டு, வாசனைக்குப் பாண்டான் இலையை முடிந்து போட்டு, கடைசியில் உப்புப் போட்ட தேங்காய்ப் பாலை மேலே ஊற்றிக் குடிக்கும் இனிப்புக் கஞ்சி. மிஞ்சியதை அம்மா ஐஸ் பெட்டியில் வைப்பார். திங்கட்கிழமை நான் அதைச் சில்லென்று திருடித் தின்பேன். ஒரு நாள் கரண்டியும் கையுமாக மாட்டிக்கொண்டேன்.

அம்மா திட்டவில்லை.

"நீ திருடித் திங்கிறத நானே காலைல குடுத்துட்டா என்னடா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. வெல்லத்தைப் பாதியாகக் குறைத்தார். அரிசியைச் சனிக்கிழமையே ஊறவைத்து, ஞாயிறு பெரிய பானையில் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, காலி மார்ஜரின் டப்பாக்கள் பத்தில் நிரப்பினார். அக்காவுக்கு ஐந்து, எனக்கு ஐந்து. தேங்காய்ப் பாலை உப்புப் போட்டுக் காய்ச்சி ஒரு தனிப் போத்தலில் வைத்தார். காலையில் டப்பாவைத் திறந்து, பாலை ஊற்றி, ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டால் பசியாறல் ஆயிற்று. அப்பாவாலேயே முடிந்தது.

"பாலைக் கலந்து வச்சிடாதீங்க. வெளிய வச்சா ஒரே நாள்ல புளிச்சிரும்" என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார்.

கெலுகோரில் இருந்த அத்தை, அப்பாவின் மூத்த சகோதரி, இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இனிப்பக் காலைல குடுத்தா பிள்ளைங்க வயித்துல பூச்சி வரும் லா." பூச்சி வரவில்லை. இரண்டு மாதம் நன்றாகவே போனது.

எனக்குத்தான் நன்றாக இல்லை. அப்பா தலை வாரிவிட்டால் வகிடு காது வரை வளைந்து போகும். ஒரு காலையில் விழிப்பு வந்து ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். பஸ்ஸுக்குள் விளக்கு எரிந்தது. நீல அங்கி போட்ட பெண்கள் நகர்ந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார்கள். ஒருத்தி என்னவோ சொல்ல, அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

அப்பாவின் நிபந்தனை எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, பள்ளி முடிந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அக்கா வலைப்பந்து விளையாடப் போயிருந்தாள். மிச்சமிருந்த எட்டு டப்பாக்களையும் எடுத்து, தேங்காய்ப் பால் முழுவதையும் அவற்றில் ஊற்றிக் கலக்கினேன். ஜன்னலோரம் வெயிலில் வரிசையாக வைத்தேன். அம்மா வருவதற்குள் எல்லாவற்றையும் மறுபடி ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிவிட்டேன். காலியான போத்தலில் பால் மாவைக் கரைத்து நிரப்பினேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். கால்சட்டையில் மட்டும் பால் கொட்டிவிட்டது. அதைத் துணிக்கூடையின் அடியில் திணித்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா, "லேசாப் புளிக்குதுப்பா" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டாள். நானும் வேறு வழியில்லாமல் சாப்பிட்டேன். அன்று மத்தியானமும் மீதி ஆறு டப்பாக்களை வெயிலில் வைத்தேன்.

புதன்கிழமை டப்பாக்களின் மூடி உப்பியிருந்தது. அப்பா அவசரத்தில் கவனிக்கவில்லை. நான் வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். அக்கா இரண்டு கரண்டி விழுங்கிவிட்டுத் தள்ளி வைத்தாள். பள்ளியில், காலைச் சபை நடக்கும்போது, எல்லோர் முன்னிலும் அவள் வாந்தி எடுத்தாள். வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பாகிவிட்டது. அவள் அழுததை நான் வரிசையில் நின்றபடி பார்த்தேன். துறைமுகத்திலிருந்து அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து அவளைக் கூட்டிப்போனார்.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தபோது அத்தை வந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன் தம்பி. பொம்பள காலைல வீட்டுல இல்லன்னா இப்படித்தான் லா."

அப்பா ஒரு டப்பாவை அம்மா பக்கம் தள்ளினார். அம்மா திறந்து முகர்ந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து அந்தப் போத்தலை எடுத்து ஆட்டி, அதையும் முகர்ந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் கலந்து வச்சிட்டேன் அண்ணி. அசதியில கை தவறிருச்சு" என்றார் அம்மா.

"ஆறு டப்பாவிலயுமா கை தவறும்?"

"தவறிருச்சு அண்ணி."

அப்பா மெதுவாகத்தான் கேட்டார். "அப்ப, நின்னுடறியா?"

நான் ஆசைப்பட்ட சொல் அதுதான். ஆனால் அதைக் கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. அம்மா நீல அங்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதன் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"மூணு மாசம் முடிய இன்னும் ரெண்டு வாரம் இருக்குங்க. அது வரைக்கும் போறேன். இன்னொரு தடவ கெட்டுச்சுன்னா நீங்க சொல்லவே வேணாம், நானே நின்னுடறேன்."

அப்பா அக்காவைப் பார்த்தார். பாயில் படுத்திருந்த அக்கா, "எனக்கு ஒண்ணுமில்லப்பா, அம்மா போகட்டும்" என்றாள். அப்பா தலையாட்டினார்.

மறுநாள் காலை என் கால்சட்டை துவைத்து, மடிப்பு விழத் தேய்த்து நாற்காலியில் கிடந்தது. தேங்காய்ப் பால் கறை துளியும் இல்லை. அம்மா பார்ப்பதற்குள் எப்படியோ போய்விட்டது என்று எண்ணி, நிம்மதியாகப் போட்டுக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு டப்பாகூடக் கெடவில்லை. அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் பஸ்ஸில்தான் போனார். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வார ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அம்மா தேங்காய்ப் பாலைக் காய்ச்சி, போத்தலில் ஊற்றி, மூடியைத் திருகி, என் கையில் கொடுத்தார். போத்தல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இனிமே இது உன் பொறுப்பு. ஐஸ் பெட்டியில வைக்கிறதும் நீதான், காலைல அக்காவுக்கு ஊத்திக் குடுக்கிறதும் நீதான்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நாந்தானே பெரியவ? ஏன் அவன்கிட்ட குடுக்கறீங்க?"

அம்மா பானையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"அது எப்படிக் கெடும்னு அவனுக்குத்தான்டி நல்லாத் தெரியும்."

அக்கா முகத்தைச் சுளித்தாள். நான் போத்தலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். வீட்டிலேயே என்னைத்தான் கெட்டிக்காரன் என்று அம்மா சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் வகுப்பில் பக்கத்துப் பையனிடமும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.