உறுதி என்று சொல்லாதவள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'. ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்ததே இல்லை. பேனா மூடியைக் கடிப்பாள், ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடப்பாள். பார்க்கிற எனக்கே கால் வலிக்கும்.

வேலை அப்படி. எல்லா ஆஸ்பத்திரிகளின் கண் அறுவை சிகிச்சை வரிசைகளும் எங்கள் 'மேல் சங்கிலி' என்ற வேகமான பிளாக்செயின் பதிவேட்டில் ஓடுகின்றன. பெயர் கொடுத்த நொடியே 'பதிவாகிவிட்டது' என்று அது சொல்லிவிடும். அது வெறும் வாய்ச்சொல். அந்தப் பதிவுகளைக் கட்டாகச் சுருக்கி, துண்டு துண்டாக்கி, அதற்குக் கீழே உள்ள, மெதுவான ஆனால் அழியாத அடிச் சங்கிலியில் எழுத வேண்டும். அங்கே எழுதியதை வைத்துத்தான் பிளாக்குகளை, அதாவது பதிவேட்டின் பக்கங்களை, திரும்பக் கட்ட முடியும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எழுதாவிட்டால், விதிப்படி அவை வெற்று பிளாக்குகள்; பதிவான பெயர்கள் போய்விடும்.

"சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்" என்பாள்.

அன்று விடிந்ததும் அவள் அம்மா போன் செய்தார். அவருக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மறு கண்ணுக்கு அடுத்த வாரம் இடம் கேட்டிருந்தார்.

"பேரு ஏறிடுச்சுன்னு காட்டுதேம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"காட்டும். நான் இன்னும் உறுதி சொல்ல மாட்டேன்."

மாலை நான்கு மணிக்கு, கீழே எழுதியதிலிருந்து பிளாக்குகளைத் திரும்பக் கட்டும் அவளுடைய கணினி நின்றுவிட்டது. அம்மாவின் பதிவு இருந்த கட்டின் ஏழு துண்டுகளில் ஆறாவது கீழே போய்ச் சேரவில்லை. ஒன்று குறைந்தாலும் கட்டு பிரியாது. கெடு ஐந்து மணி.

"மேல எல்லாம் சரியாத்தானே காட்டுது?" என்றார் மேலாளர்.

"மேல காட்டுறத வெச்சு நாக்கு வழிக்கிறதா?"

அடிச் சங்கிலியில் எழுதுவதற்கான கட்டணத்தை இரண்டு முறை ஏற்றி மறுபடி அனுப்பினாள். பதினொரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது துண்டு ஏறியது. நாங்கள் கைதட்டினோம். பிளாக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மாவின் பெயர் வந்தது. முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

எண்ணூறு பிளாக் தள்ளி அதே பெயர் மறுபடி வந்தது: 'விலகல்'. அந்த இடம் அப்போதே அடுத்தவருக்குப் போயிருந்தது.

போனை எடுத்து, ஸ்பீக்கரில் அம்மாவை அழைத்தாள்.

"நீ உறுதின்னு சொல்லலையேம்மா. ரெண்டு வரிசையில நிக்க விட மாட்டாங்களாம். அதான் காலையிலயே இத விட்டுட்டேன். மத்தியானம் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில சேர்ந்தேன், அடுத்த வருஷத்துக்கு."

"இடம் இருந்துச்சும்மா. உனக்கு இடம் இருந்துச்சு."

"போகட்டும் விடு. இந்த அரசாங்க வரிசையாவது உறுதியா?"

மத்தியானப் பதிவு அடுத்த கட்டில் இருந்தது. அதில் ஒரு துண்டுகூட இன்னும் கீழே போகவில்லை. அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"உறுதிம்மா" என்றாள்.