பக்கத்து சீட் ஸ்பீக்கர்

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. எனக்கு நடந்தது. காரிலிருந்து பிடுங்கிய ஃப்யூஸ் இப்போதும் என் கைப்பையில்தான் கிடக்கிறது. இதை எழுதும்போது பக்கத்து அறையில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. வீட்டில் நானும் என் கணவரும் இரண்டே பேர்.

எல்லாம் என் ஓரகத்தியால் வந்த வினை. கணவருடைய தம்பி மனைவி. அவர்கள் புதுக் கார் வாங்கினார்கள். வாங்கட்டும், நன்றாக இருக்கட்டும். வாங்கிய கையோடு என்னை ஏற்றிக்கொண்டு போய், பாட்டைப் போட்டு, "அக்கா, பாடுறவங்க மூச்சு விடுறதுகூடக் கேக்குது பாருங்க" என்றாள். கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் கார் பழசு. போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி வைத்துக் கொடுத்த செட்டில் யார் பாடினாலும் ஜலதோஷம் பிடித்தவர் பாடுவது போலத்தான் இருக்கும். நான் உட்காரும் பக்கத்துக் கதவு ஸ்பீக்கர் சுத்த ஊமை. என் கணவர் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டார். பாட்டே பிடிக்காத மனுஷன். நான்தான் நச்சரித்து, ஊரே 'ஊஃபர்' என்று கூப்பிடும் சவுண்ட் கடைக்காரரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

ஊஃபர் தொழிலில் கெட்டிக்காரர். டேஷ்போர்டில் இருக்கும் பழைய செட் இருக்கட்டும் என்றார். கதவுகளைப் பிரித்து, உள்தகரம் அதிராமல் இருக்கக் கனமான ஷீட் ஒட்டினார். நாலு கதவுக்கும் புது ஸ்பீக்கர். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர். என் பக்கத்துக் கதவைப் பிரித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருந்த பழைய ஸ்பீக்கரை யாரோ பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்திருந்தார்கள்.

"எலியா?" என்றேன்.

"எலி இவ்வளவு நேராக் கடிக்காதும்மா."

புது ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, பானெட்டைத் திறந்து பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்யூஸைக் காட்டினார். "நாலு ஸ்பீக்கருக்கும் கரண்ட் இது வழியாத்தான். இதப் புடுங்கிட்டா கார் ஊமை."

பாட்டுப் போட்டார். பாடியவர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஓரகத்தியை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றினேன். அவள் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

கார் ஆறரைக்கே கீழ்த்தள பார்க்கிங்குக்கு வந்துவிடும். அவர் மேலே ஏறி வர எட்டாகும். கேட்டால், "பாட்டுக் கேட்டேன்" என்பார். வாயெல்லாம் பல்.

நான் குள்ளம். என் சீட்டை முன்னால் இழுத்துத்தான் உட்காருவேன். இப்போது ஏறும்போதெல்லாம் அது பின்னால் போயிருந்தது. இரண்டு பக்கமும் சத்தம் சமமாக வர வைக்கும் குமிழ், காலி சீட்டின் பக்கமாகவே முழுக்கத் திருகியிருந்தது. நடுவில் வைத்தேன். மறுநாள் மறுபடியும் அங்கேயே.

"யாரை ஏத்திட்டுப் போறீங்க?"

"யாரையும் இல்லையே."

"சீட்டு பின்னாடி போயிருக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அப்படி இருந்தாத்தான் வசதியாம்" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது பேய் பிசாசு என்ற நினைப்பே இல்லை. பொறாமைதான். சோறு இறங்கவில்லை. இந்த மனுஷன் என்னை விட்டுப் போய்விடுவார் என்ற ஒரே பயம்.

ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கிங்குக்கு இறங்கினேன். கார் கண்ணாடிகள் மூடியிருந்தன. உள்ளே ஒரு பெண் மெல்ல முனகிப் பாடிக்கொண்டிருந்தாள். இவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

எவளோ பாடி அனுப்பியதை ஓடவிட்டுக் கேட்கிறார் என்று முடிவு கட்டினேன். இருக்கட்டும், அவள் வாயை அடைக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

மறுநாள் ராத்திரி அவர் மேலே வந்ததும் குளிக்கப் போனார். சாவியை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். மணி எட்டு பத்து. பானெட்டைத் திறந்தேன். ஃப்யூஸைப் பிடுங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன்.

என் சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்து, கதவைச் சாத்தினேன். சாவியைத் திருப்பினேன். செட்டில் விளக்கு எரிந்தது. பாட்டு இல்லை. கார் ஊமை. எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது...

"ம்ம்... ம்ம்ம்..."

என் முழங்காலுக்குப் பக்கத்தில். கதவிலிருந்து.

ஃப்யூஸ் என் கையில்தான் இருந்தது.

முனகல் நின்றது. மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஓரகத்தி காரில் கேட்டதைவிடத் தெளிவாக.

உள்ளே... வெளியே... உள்ளே...

டக்.

என் சீட் பின்னால் நகர்ந்தது. தானாக.

"அது என் இடம்" என்றாள்.

எப்படி மேலே ஏறி வந்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் காரை ஊஃபரிடம் கொண்டுபோய் நாலு ஸ்பீக்கரையும் கழற்றச் சொன்னேன். அவர் மூன்றைத்தான் கழற்றினார். என் பக்கத்துக் கதவில் கையை வைத்தவர், சட்டென்று எடுத்துவிட்டார். "சூடா இருக்கும்மா... உள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி" என்றார். அதை நானே திருகிக் கழற்றினேன். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, காரை விற்ற புரோக்கரிடம் முந்தைய சொந்தக்காரர் விலாசம் வாங்கினேன். அந்த வீட்டுப் பெண் செத்திருப்பாள், அவள்தான் இது என்று நினைத்தேன்.

கதவைத் திறந்ததே அந்த வீட்டுப் பெண்தான். அறுபது வயது இருக்கும். என் கையில் இருந்த கார் சாவியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஸ்பீக்கரை நான்தான் கிழிச்சேன்" என்றாள். "கார்ல அவ குரல் நின்னுடுச்சு. அன்னிக்கே இவர் வாயில வந்துடுச்சு. என் வீட்டுக்காரர் வாயில, பொம்பளைக் குரல். ரெண்டு வருஷம். காரை வித்தும் போகல."

"இப்போ?"

"போன மாசம் திடீர்னு விட்டுடுச்சு."

போன மாதம்தான் நான் புது ஸ்பீக்கர் போட்டேன்.

உள்ளே ஒரு பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் அவளைத்தான் தேடுறாரு. என்னைப் பார்த்து ஒரு நாளாவது அப்படி முகம் மலர்ந்திருப்பாரா?" என்றாள். அவள் கண்ணில் இருந்தது பயம் இல்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புதுசு போட்டீங்கல்ல... அதை மட்டும் கழட்டிடாதீங்கம்மா. கார்ல ஒரு வாய் இருக்கிறவரைக்கும் அவ கார்லயே இருப்பா."

அட்டைப்பெட்டி என் காலடியில் இருந்தது.

ஃபோன் அடித்தது. கணவரின் நம்பர்தான்.

பேசியது அவள்.

"நீ மெதுவா வா. நாங்க சாப்பிட்டாச்சு."