குனிந்தால் பிதுங்கும் கண்

இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஓய்வாக இருக்கிறேன். செருப்பு மாட்டக் குனியும்போதெல்லாம் ஒரு வரிசை ஆட்கள் சிரிக்கிற சத்தம் காதில் விழுகிறது. சிரிக்க வைத்தவன் நான்தான்.

அப்போது கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, டாக்டருக்கு அடுத்த மருத்துவ உதவியாளனாக, இருந்தேன். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் யாருக்கு நோய், யார் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று முடிவு செய்வது நான். அந்த அதிகாரம் தலைக்கேறியிருந்தது. வாய்த்துடுக்கு அதற்கும் முன்பே இருந்தது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி வந்தாள்.

"குனிஞ்சா வலது கண்ணு வெளிய தள்ளுதுங்கய்யா. நிமிந்தா உள்ள போயிடுது."

இமையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தன. குனிந்து காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

"குனிஞ்சாத்தானே தள்ளுது? குனியாம இருந்துட்டுப் போ" என்றேன்.

மருந்துக்குக் காத்திருந்த வரிசையே சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். மரத்தின் அடிப்பட்டையில் வெட்டுகிறவள் குனியாமல் எப்படி வெட்டுவாள்? வேலைக்குப் போகலாம் என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அவள் புருஷன் அவளைக் கைப்பிடித்து அழைத்து வந்தான். வலது கண் ரத்தம் கட்டி, இமை மூட முடியாமல் பிதுங்கியிருந்தது. மரத்தடியில் குனிந்தபோது உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்ததாம்.

டாக்டர் வீக்கம் வற்றும்வரை பொறுத்திருந்தார். பிறகு அவளை உட்கார வைத்து, கழுத்தோர ரத்தக் குழாயை விரலால் மெல்ல அழுத்தினார். கண் வெளியே வந்தது. விரலை எடுத்ததும் உள்ளே போனது. கண்ணுக்குப் பின்னால் ஒரு ரத்தக் குழாய் பை போலப் புடைத்திருக்கிறது, குனிந்தால் அது நிரம்புகிறது என்றார். இந்த நோயை அவரே புத்தகத்தில்தான் படித்திருந்தார். கத்தி வைக்க முடியாத இடம். போன பார்வை இனி வராது. மறுபடி ரத்தம் கசியாமலிருக்க ஒரே வழிதான் உண்டு. அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவளுக்குத் தமிழில் சொல்லச் சொன்னார்.

அவளிடம் சொன்னேன்.

"இனிமே குனியக் கூடாதும்மா. நின்னு செய்ற வேலைக்குத் துண்டு எழுதித் தரேன்."

இருக்கிற கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபமே இல்லை.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்கய்யா. நாந்தான் கேக்கல."